நீதி நம் வீட்டில் தொடங்கட்டும்

(பங்கின் பொன்விழாப் பொதுக்கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றதும் கொடியேற்றம், சப்பரம், பந்தல், அன்னதானம், விழா மலர் எல்லாம் நம் நினைவுக்கு வருகின்றன. வரவேண்டியதுதான். ஆனால் ஐம்பதாம் ஆண்டைப் புனித ஆண்டாகக் கொள்ளச் சொன்ன வேதாகமம் அந்த ஆண்டுக்கு என்ன வேலை வைத்தது? லேவியராகமம் 25-ம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்ப்போம். யூபிலி ஆண்டில் நாடெங்கும் கொம்பு ஊதப்படும். வறுமையால் விற்கப்பட்ட நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும். பிழைக்க வழியின்றித் தன்னையே விற்றுக்கொண்டவன் பிள்ளைகுட்டிகளோடு வீடு திரும்புவான். அநியாயமாகிப்போன கணக்கைச் சரிசெய்யும் ஆண்டு அது. ஆகவே, அநீதியை எதிர்க்கும் வேலையைத் திருச்சபை எங்கிருந்து தொடங்குவது என்று இந்த விழாவில் நாம் சிந்திப்பது பொருத்தமே.

போதனைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 1891-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் தொழிலாளியின் நியாயமான கூலிக்காகச் சுற்றுமடல் எழுதினார். 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இனம், நிறம், சமூக நிலை, மொழி என்று எதைக் காட்டி மனிதரைப் பிரித்தாலும் அது கடவுளின் திட்டத்துக்கு விரோதம் என்று அறிவித்தது. 1971-ல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. ஊருக்கு நீதியைப் பற்றிப் பேசத் துணிகிறவர்கள், முதலில் ஊரார் கண்ணில் நீதிமான்களாக இருக்க வேண்டும் என்று திருச்சபைக்கே அது புத்தி சொன்னது. 1982-ல் திருச்சியில் கூடிய இந்திய ஆயர்கள், சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமே இல்லை என்று ஐயமறத் தெளிவுபடுத்தினார்கள்.

போதனை இவ்வளவு இருந்தும் நடைமுறை ஏன் பின்தங்குகிறது? தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்காததே காரணம். அந்த இடத்தை ஆதித் திருச்சபை நமக்குக் காட்டியிருக்கிறது.

அப்போஸ்தலர் பணி 6-ம் அதிகாரம். எருசலேமில் சபை வளர்ந்துகொண்டிருந்த காலம். அன்றாடப் பந்தியில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முணுமுணுத்தார்கள். வெளியார் செய்த அநீதியன்று அது. பெந்தகொஸ்தே நாளில் பரிசுத்த ஆவியைப் பெற்ற சபைக்குள், சோற்றுப் பந்தியிலே நடந்தது. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? “ஒற்றுமைக்குப் பங்கம் வராதீர்கள், வாயை மூடுங்கள்” என்று அதட்டவில்லை. முறையிட்டவர்களைக் கலகக்காரர்கள் என்று பெயர் சூட்டவுமில்லை. சபை முழுவதையும் கூட்டினார்கள். பந்திப் பொறுப்புக்கு ஏழு பேரைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி அந்த ஏழு பேருடைய பெயர்களையும் பாருங்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள்! எந்தப் பக்கத்திலிருந்து முறையீடு வந்ததோ, அந்தப் பக்கத்தார் கையிலேயே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள். அதன் பின் சீடர்களின் தொகை பெருகியது என்றுதான் வேதாகமம் சொல்கிறது. சபை உடைந்தது என்று சொல்லவில்லை.

முணுமுணுப்பைக் கேட்க வேண்டும். முணுமுணுத்தவனிடம் பொறுப்பைக் கொடுக்க வேண்டும். அநீதியை எதிர்க்கும் வேலைக்கு இதுவே முதற்படி.

இதற்கு மாறாக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழகத்திலேயே சாட்சி உண்டு. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் பழைமையான பங்கு. சாதிச் சண்டைக்கு முடிவு காண்பதாக எண்ணி, அங்கே ஒரே பீடத்துக்கு இரண்டு மண்டபங்கள் வைத்து, நடுவே சுவரும் எழுப்பிக் கோயில் கட்டினார்கள். ஒரு கர்த்தர், ஒரு அப்பம், இடையிலே சுவர்! 1910-ல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. உடனே, தனியிடம் எங்கள் உரிமை என்று ஒரு சாரார் நீதிமன்றம் ஏறினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், சாதியைக் காட்டிக் கோயிலில் தனியிடம் கேட்கும் உரிமை ஏற்கப்படவில்லை. இதில் நமக்குள்ள பாடம் என்ன? சமாதானத்துக்காக என்று இன்று விட்டுக்கொடுக்கும் அநியாயம், நாளை மாமூலாகும். நாளை மறுநாள் பாத்தியதையாகும்.

வேறொன்றையும் எண்ணிப் பார்ப்போம். 1950-ல் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, தாழ்த்தப்பட்டோர்க்குரிய சலுகைகளை இந்துக்களுக்கு மட்டுமே அளித்தது. 1956-ல் சீக்கியரும், 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. மதத்தைக் காரணம் காட்டும் இந்தத் தடையை நீக்க வேண்டும் என்று இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் பரிந்துரை செய்தது. இதற்காக நாம் ஊர்வலம் போகிறோம், மனுக் கொடுக்கிறோம். நியாயமான போராட்டம், தொடரத்தான் வேண்டும். ஆனால் மனுவை வாங்குகிற அதிகாரி, “உங்கள் கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே இடம்தானா?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வோம்? திருச்சபைக்குள்ளும் தீண்டாமை நடப்பதை இந்திய ஆயர்களே 2016-ல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள். ஆயர்கள் சொன்ன பிறகு பங்குகள் மௌனம் சாதிப்பது முறையாகுமா?

ஆகவே இந்தப் பொன்விழா ஆண்டுக்கு நான்கு காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, கேட்பது. அன்பியக் கூட்டங்கள் வசதியான வீடுகளில் மட்டும் கூடாமல், கடைசித் தெருவிலும் கூடட்டும். அங்கே போய்ப் பேசுவதைக் குறைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வருவோம்.

இரண்டாவது, கூலி. கோயில் வேலைக்கு வைத்திருப்போருக்கு நாட்டின் தொழிற்சட்டப்படி நடந்து நியாயமான ஊதியம் கொடுக்க வேண்டும் என்று 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு கட்டளையிடுகிறது. விடியுமுன் மணியடிக்கும் கோயில்பிள்ளைக்கும், பள்ளியைக் கூட்டும் அம்மாளுக்கும், உபதேசியாருக்கும் என்ன கொடுக்கிறோம்? வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் தொகையை அதன் பக்கத்தில் எழுதிப் பார்ப்போம்.

மூன்றாவது, கணக்கு. பங்குதோறும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அதில் யார் யார் இருக்கிறார்கள்? வரி கொடுக்கும் தெருக்கள் எல்லாவற்றிலிருந்தும் ஆட்கள் இருக்கிறார்களா? பெண்கள் இருக்கிறார்களா? எருசலேம் சபையின் ஏழு பெயர்களை மனத்தில் வைத்து அந்தப் பட்டியலைத் திருத்துவோம்.

நான்காவது, சப்பரமும் கல்லறையும். புனிதரின் சப்பரம் எந்தத் தெரு முனையில் திரும்பிவிடுகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எல்லாத் தெருவுக்கும் அது போகட்டும். இறந்தவர் யாரானாலும் ஒரே தூம்பா, ஒரே பாதை, ஒரே தோட்டம் என்றாகட்டும்.

இதைச் செய்தால் சண்டை வரும், நன்கொடை நிற்கும், சிலர் கோயிலுக்கே வரமாட்டார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது வீண் அச்சம் என்று சொல்லமாட்டோம். அப்படியும் நேரலாம். ஆனால் சத்தமில்லாமல் வராமலே போய்விட்டவர்களை யார் எண்ணிப் பார்த்தார்கள்? கடைசித் தெரு இளைஞன் ஞாயிறு பூசைக்கு வராதபோது அவன் விசுவாசம் தளர்ந்துவிட்டது என்கிறோம். அவன் மனம் நொந்து போனானா என்று கேட்பதில்லை.

வீட்டை முழுதும் கூட்டி முடித்த பிறகுதான் வெளியே போவோம் என்று சொல்லவும் வேண்டாம். அப்படியானால் ஒருநாளும் போகமாட்டோம். கொத்தடிமை முறை 1976-ம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனாலும் முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு சூளையிலும் ஆலையிலும் முடங்கிக் கிடப்போர் உண்டு. அவர்களுக்காக இந்து, முஸ்லிம் சகோதரர்களோடு தோள்சேர்ந்து நிற்போம். வீட்டில் துடைப்பம் பிடித்த கைக்குத்தான் தெருவைக் கூட்டும் தைரியம் வரும்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்குப் பேரவை இந்த நான்கு காரியங்களுக்காகக் கூடுகிறது. பேரவையில் இல்லாதவர்களும் வரலாம். இதுவரை பேசாதவர்கள் முதலில் பேசட்டும். கைதட்டித் தீர்மானம் போட்டுக் கலையும் கூட்டமாக அது இராது. யார், எதை, எந்த மாதத்துக்குள் செய்வது என்று எழுதிக் கோயில் வாசலில் ஒட்டுவோம்.

ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்க வந்த ஆண்டவர், இந்த யூபிலி ஆண்டை நம் பங்கின் கடைசித் தெருவுக்கும் நற்செய்தியாக்குவாராக. ஆமென்.