எத்தனை பேர் சித்தி என்று மட்டும் கேட்காதீர்கள்

(கிளிநொச்சியில் பெற்றோர் மத்தியில் ஆற்றிய உரை)



மலையகத்துத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்துக்கொண்டு சங்க வேலையும் செய்கிற நாங்கள் வன்னிக்கு வந்து பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே இருக்கிற பலருடைய தாய் தகப்பன், பாட்டன் பாட்டி எல்லாம் தோட்டங்களில் பேர் பதிந்து வேலை செய்தவர்கள். 1958, 1977, 1983 வன்செயல்களும், எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் வந்த பட்டினியும் அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம், தொண்டமான் நகர் என்று குடியேறி, அடுத்தவர் வயலிலும் தோட்டத்திலும் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்கள். ஆகவே நாம் வேறு வேறு ஆட்கள் அல்ல. இன்றைக்கு நம் பிள்ளைகளின் சாதாரண தரப் பரீட்சையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற நேரம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாள் பேருக்கு இத்தனை கிலோ என்று நிர்வாகம் ஒரு கணக்கு வைத்திருக்கும். அது குறைந்தால் அரைப்பேர். சங்கம் அந்த இடத்தில் என்ன கேட்கும்? தராசு சரியா? தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று எத்தனை கிலோ கழித்தீர்கள்? கொழுந்தே இல்லாத மலையில் ஆட்களை விட்டுவிட்டு நிறை வரவில்லை என்கிறீர்களா? இப்படிக் கேட்டுப் பழகிய நாம், பாடசாலைப் பெறுபேறு வந்தால் மட்டும் சொல்கிற கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். "இந்த முறை நூற்றுக்கு 80 சித்தி" என்றால் கைதட்டுகிறோம். "நூற்றுக்கு 50" என்றால் பிள்ளைகளைத் திட்டுகிறோம். இரண்டுக்கும் முன்னால் தராசைப் பார்க்க வேண்டும்.

2024ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு 2025 ஜூலையில் வந்தது. உயர்தரம் படிக்கத் தகுதி பெற்றவர்கள் 73.45 சதவீதம் என்று பரீட்சைத் திணைக்களம் அறிவித்தது. ஒன்பது பாடங்களிலும் 'ஏ' எடுத்தவர்கள் 13,392 பேர். மாகாணங்களை வரிசைப்படுத்தும்போது வட மாகாணம் அடிக்கடி கடைசியிலோ அதற்குப் பக்கத்திலோதான் வருகிறது. அந்த வரிசை வந்தவுடன் மாகாணம் வலயத்தைக் கேட்கிறது, வலயம் அதிபரைக் கேட்கிறது, அதிபர் வகுப்பாசிரியரைக் கேட்கிறார். அந்த நெருக்குதல் கடைசியில் யாருடைய தலையில் விழுகிறது என்று பாருங்கள்.

இந்தச் சதவீதம் பரீட்சைக்குத் தோற்றிய பிள்ளைகளை வைத்துப் போடுகிற கணக்கு. தோற்றாத பிள்ளை அதில் இல்லை. ஓர் உதாரணம் சொல்கிறோம். ஒரு பாடசாலையில் 6ஆம் தரத்தில் 60 பிள்ளைகள். 11ஆம் தரத்தில் பரீட்சை எழுதியவர்கள் 30 பேர், தகுதி பெற்றவர்கள் 24 பேர். நூற்றுக்கு 80. இன்னொரு பாடசாலையிலும் அதே 60 பிள்ளைகள். எழுதியவர்கள் 54 பேர், தகுதி பெற்றவர்கள் 36 பேர். நூற்றுக்கு 67கூட இல்லை. முதல் பாடசாலைக்குப் பாராட்டு விழா நடக்கும், இரண்டாவது பாடசாலை அதிபருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போகும். ஆனால் 60 பிள்ளைகளில் முதல் பாடசாலை கரைசேர்த்தது 24 பேரை. இரண்டாவது பாடசாலை கரைசேர்த்தது 36 பேரை. உங்கள் பிள்ளை எந்தப் பாடசாலையில் படிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

காணாமல் போன அந்த 30 பேரில் சிலர் வேறு பாடசாலைக்கு மாறியிருப்பார்கள். அவர்களைப் பிரித்து எழுத வேண்டும். மற்றவர்கள் எங்கே? மேசன் வேலைக்குக் கையாளாகப் போனவர்கள் இருக்கிறார்கள். கடையில் நிற்கிறார்கள். தாய் வெளிநாடு போனதால் தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நின்ற பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். பதினாறு வயதில் கல்யாணம் பேசி முடிந்தவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. பாடசாலையின் பெயரைச் சொல்ல மாட்டோம், அது ஒரு பாடசாலையின் பிரச்சினையும் அல்ல. தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 12 புள்ளி எடுத்த ஒரு பெண் பிள்ளை. தகப்பன் கூலி வேலை. அவரைக் கூப்பிட்டு, "இவளால் ஏலாது, இந்த முறை எழுதவேண்டாம், அடுத்த வருடம் வெளிவாரியாக எழுதட்டும்" என்று நல்லவிதமாகவே சொல்லியிருக்கிறார்கள். அவர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். படிப்பு தெரிந்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். நாங்கள் அந்த வீட்டுக்குப் போனபோது பிள்ளை பாடசாலைக்குப் போவதை நிறுத்தி நான்கு மாதம். அடுத்த வருடம் அவள் எழுதவில்லை. பாடசாலையின் சதவீதத்தை அவள் குறைக்கவும் இல்லை.

ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாங்கள் வரவில்லை, நாங்களும் ஆசிரியர்கள்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்து படிப்பித்துவிட்டுத் திரும்புகிற ஆசிரியர்களின் களைப்பு எங்களுக்குத் தெரியும். ஆனால் கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய், பதிலுக்கு ஆள் வராமல் இரண்டு தவணை போனால், அந்த இரண்டு தவணையும் பிள்ளையின் விடைத்தாளில் தெரியும். கொழுந்து இல்லாத மலையில் விட்டுவிட்டு நிறை கேட்பது போன்றதுதான் இதுவும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2009இல் பிறந்த பிள்ளைகள் இப்போது சாதாரண தரம் எழுதுகிற வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய தாய் தகப்பனில் பலர் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படிப்பை இழந்தவர்கள். 2009 ஓகஸ்டில் செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்தபடி உயர்தரம் எழுதிய பிள்ளைகளும் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். பெற்றோருக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை என்றால் அது அவர்களுடைய அக்கறையின்மை அல்ல. அந்த இடைவெளியைப் பாடசாலைதான் நிரப்ப வேண்டும்.

சரி, கணிதத்தில் தவறுவது தலையெழுத்தா? உயர்தரத்துக்குப் போக ஆறு பாடங்கள் சித்தி வேண்டும், அவற்றில் முதல்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும், மூன்று பாடங்களில் 'சி' சித்தியாவது வேண்டும். கணிதத்தில் 35 புள்ளி எடுத்தால் சாதாரண சித்தி. முதலாம் பத்திரத்தில் ஏ பகுதியில் 25 சிறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி. பின்னம், சதவீதம், பரப்பளவு, எளிய சமன்பாடு போன்றவைதான் அதில் பெரும்பகுதி. இரண்டாம் பத்திரத்தில் 12 கேள்விகளில் பத்தைத் தெரிவுசெய்யலாம். 6, 7, 8ஆம் தரங்களில் அடிப்படையைச் சரியாகப் பிடித்த பிள்ளைக்கு 35 எட்டாத உயரம் அல்ல. 11ஆம் தரத்தில் கடைசி மூன்று மாதம் கருத்தரங்கு வைப்பதால் மட்டும் இது வராது. 6ஆம் தரத்தில் பின்னம் தெரியாத பிள்ளையை அன்றைக்கே பிடித்து உட்கார வைக்க வேண்டும்.

இந்தக் கதவைத் தாண்டினால் அடுத்த கதவு அவ்வளவு இறுக்கம் இல்லை. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்த 16இல் இருக்கின்றன, நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன. நம் மாவட்டத்துக்கு இடம் இருக்கிறது. 11ஆம் தரத்திலேயே பிள்ளையை நிறுத்திவிட்டால் அந்த இடத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

ஆகவே மூன்று வேலைகளை இன்று முடிவு செய்துகொண்டு போவோம்.

முதலாவது, கணக்குக் கேட்பது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நான்கு எண்களைக் கேளுங்கள். இந்தப் பிள்ளைகள் 6ஆம் தரத்தில் எத்தனை பேர்? வேறு பாடசாலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? பரீட்சை எழுதியவர்கள் எத்தனை பேர்? தகுதி பெற்றவர்கள் எத்தனை பேர்? அதோடு, கணித, விஞ்ஞான, ஆங்கில ஆசிரியர் வெற்றிடம் எத்தனை மாதம் நிரப்பப்படவில்லை என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்விப் பணிமனையில் விண்ணப்பியுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் கேட்கலாம், அதை எழுதிக்கொள்வது தகவல் உத்தியோகத்தரின் கடமை. இந்த உரிமை பிரஜைகளுக்கு உரியது. 1948இல் நம் பாட்டன்மாரிடம் இருந்து பறிக்கப்பட்டதும் அதே பிரஜாவுரிமைதான். திரும்பக் கிடைத்ததைப் பாவிக்காமல் வைத்திருக்கக்கூடாது.

இரண்டாவது, எந்தப் பிள்ளையும் பரீட்சை எழுதாமல் நிற்கக்கூடாது. "எழுதவேண்டாம்" என்று யாராவது சொன்னால், அதைக் கடிதத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். விண்ணப்பம் போய்விட்டதா என்று அதிபரிடம் உறுதி செய்யுங்கள். 16 வயது வரை கல்வி கட்டாயம், 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு அமர்த்துவது சட்டவிரோதம். இதை முதலாளிக்கு மட்டும் அல்ல, நம் வீடுகளுக்கும் சொல்ல வேண்டும். தவறினாலும் திரும்ப எழுதலாம். சித்தி இல்லாமலே தொழில் பாடங்களோடு தொடர்ந்து படிக்க, தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017இல் இருந்து இருக்கிறது. பக்கத்தில் எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள்.

மூன்றாவது, மாலை வகுப்பு. சனசமூக நிலையமோ கோயில் மண்டபமோ, ஒரு மின்விளக்கும் ஒரு கரும்பலகையும் போதும். 6ஆம் தரத்தில் இருந்து 8ஆம் தரம் வரை, கணிதம் மட்டும், வாரத்தில் மூன்று நாள். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற நம் பிள்ளைகளே படிப்பிக்கலாம். பாடத்திட்டத்தையும் பயிற்சித் தாள்களையும் சங்கத்தில் இருக்கிற ஆசிரியர்கள் நாங்கள் தருகிறோம். இது அரசாங்கத்தின் கடமையைக் கழுவிவிடுவதற்காக அல்ல. வெற்றிடத்தை நிரப்பு என்று போராடிக்கொண்டே இதையும் செய்வோம். போராட்டம் முடியும்வரை 6ஆம் தரத்துப் பிள்ளை 6ஆம் தரத்திலேயே காத்துக்கொண்டிருக்காது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு ஊரில் இருந்தும் ஒரு தாளில் அந்த நான்கு எண்களைக் கொண்டுவாருங்கள். எழுதியவர்களுக்கும் எழுதாமல் போனவர்களுக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பக்கத்தில், தெரிந்த பிள்ளைகளின் பெயர்களையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தப் பெயர்களில் இருந்து வேலையைத் தொடங்குவோம்.