வேகம் களைப்பில் வளராது
(வட்டார வள மையத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)

நான் உடற்கல்வி ஆசிரியர் அல்ல. அறிவியல் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர். எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தபோது கால்பந்து அணி என் பொறுப்பில் வந்தது. இங்கே இருக்கும் பலருக்கும் அப்படித்தான் வந்திருக்கும். எனவே நான் செய்த தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

அது கோடை விடுமுறை. குறுவட்டப் போட்டிகளுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. அணிக்கு வேகம் போதவில்லை என்று பயிற்சி தொடங்கினேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: முதலில் மைதானத்தைப் பத்துச் சுற்று, பிறகு ஆட்டம், கடைசியில் மூச்சு வாங்க வாங்க விரைவோட்டம். ஒரு மாலை, அணியின் முன்கள ஆட்டக்காரன், ஒன்பதாம் வகுப்பு மாணவன், பின்தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். தசை கிழிந்திருந்தது. விளையாட்டு விடுதித் தேர்வுக்கு இரண்டு வாரமே இருந்தது. அவனால் போக முடியவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் சார்" என்று அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்.

அதன்பின்தான் நான் நடத்தும் பாடத்தையே மைதானத்துக்குக் கொண்டுபோனேன். முழு வேகத்தில் ஓடும்போது தசை முதலில் செலவிடுவது, அதில் ஏற்கெனவே இருக்கும் ஏ.டி.பி.யையும் பாஸ்போகிரியேட்டினையும்தான். அந்த இருப்பு ஏறக்குறைய 10 விநாடிக்குத்தான் வரும். மீண்டும் நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் திரும்ப ஓடச் சொன்னால் மாணவன் முழு வேகத்தில் ஓட மாட்டான். மெதுவாக ஓடிப் பழகுவான். களைத்த தசை காயப்படவும் வாய்ப்பு அதிகம். நீண்ட ஓட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தாங்கு திறனுக்கு. அதற்கு வேறு நாள் ஒதுக்குங்கள்.

கால்பந்தில் விரைவோட்டம் பெரும்பாலும் 30 மீட்டருக்குள் முடிந்துவிடும். இரண்டு முதல் நான்கு விநாடி. பந்தை யார் முதலில் தொடுவது என்பதை அந்த விநாடிகளே முடிவு செய்கின்றன. போட்டிக் காலத்தில் ஆட்டங்களே கால்களைக் களைப்பாக்கிவிடும். ஆகவே வேகத்தை வளர்க்க ஏற்ற காலம் போட்டி இல்லாத இந்த மாதங்கள்தான்.

இப்போது நாங்கள் செய்வது இது. வாரம் இரண்டு நாள். இடையில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன். முதல் 20 நிமிடம் வார்ம் அப்: மெல்லோட்டம், முழங்காலை உயர்த்தி ஓடுதல், பக்கவாட்டில் ஓடுதல், படிப்படியாக வேகம் கூட்டி மூன்று ஓட்டம். ஃபிஃபா வெளியிட்ட '11+' பயிற்சி முறையும் இதற்கு உதவும்.

முதல் இரண்டு வாரம் 10 மீட்டர் ஓட்டம், எட்டு முறை. நின்றபடி, உட்கார்ந்தபடி, முதுகைக் காட்டியபடி என்று தொடக்கத்தை மாற்றிக்கொண்டே இருப்போம். அடுத்த இரண்டு வாரம் 20 மீட்டர், ஆறு முறை. ஐந்தாம், ஆறாம் வாரங்களில் 30 மீட்டர், ஐந்து முறை. அதில் கடைசி இரண்டும் பந்தைத் துரத்தி. ஆக, ஒரு நாளின் மொத்த விரைவோட்டம் 150 மீட்டரைத் தாண்டாது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிடம் ஓய்வு. 30 மீட்டர் ஓடினால் மூன்று நிமிடம்.

இந்த ஓய்வுதான் பார்ப்பவர்களுக்குப் புரிவதில்லை. "பசங்கள சும்மா நிக்க வச்சிருக்கீங்களே சார்" என்று பெற்றோர் கேட்பார்கள். ஓய்வும் பயிற்சியின் பகுதி என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மாணவர்கள் மெல்ல நடப்பார்கள். தங்கள் ஓட்ட நேரத்தை நோட்டில் எழுதுவார்கள். கைபேசிக் கடிகாரத்தில் ஒன்றிரண்டு பத்தில் ஒரு பங்கு விநாடி பிழை வரும் என்பதால், ஒரே ஓட்டத்தை வைத்து யாரையும் மதிப்பிட வேண்டாம். நேரம் தொடர்ந்து கூடிக்கொண்டே போனால் அன்றைய ஓட்டத்தை அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, வாரம் ஒருமுறை பின்தொடைக்கு ஒரு பயிற்சி. ஒருவர் மண்டியிடுவார், மற்றவர் அவரது கணுக்கால்களை அழுத்திப் பிடிப்பார். மண்டியிட்டவர் உடலை நேராக வைத்து, மெல்ல மெல்ல முன்னால் சாய்ந்து, கைகளை ஊன்றுவார். ஐந்து முறை போதும். நோர்டிக் பயிற்சி என்பார்கள். இதை முறையாகச் செய்யும் அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கருவி எதுவும் தேவையில்லை.

இன்னும் இரண்டு செய்திகள். திடீரென உயரமாகும் வயதில் முழங்காலுக்குக் கீழே வலி என்று சொன்னால், சோம்பல் என்று நினைக்காதீர்கள்; ஓட்டத்தைக் குறைத்து மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஒரு வாழைப்பழம் கொடுத்தபின் ஓடவிடலாம்.

அந்த மாணவன் அடுத்த ஆண்டு தேர்வுக்குப் போனான், இடம் கிடைக்கவில்லை. இப்போது கல்லூரியில் படிக்கிறான். விடுமுறையில் ஊருக்கு வந்தால் எங்கள் அணிக்கு நேரம் குறிப்பவன் அவன்தான். சின்னப் பையன்கள் அவசரப்பட்டுக் கோட்டுக்கு வந்தால், "இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு, நடந்துட்டு வாங்கடா" என்று திருப்பி அனுப்புகிறான்.