இடுப்பு முறிவும் இரண சிகிச்சையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேச வேண்டிய மேடையில் எலும்பைப் பற்றிப் பேச வந்துள்ளோம், பொறுத்தருள்க. யாம் மருத்துவம் பயின்றோமல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பு நின்றுபோக, சிகந்தராபாத்தில் ரயில்வே குமாஸ்தாவாகப் பணிபுரிகின்றோம். ஆயினும், எழுபத்து நான்கு வயதான எம் அன்னையார் சென்ற ஆண்டு குளியலறை ஈரத்தில் வழுக்கி விழுந்த நாள் முதல், இதைக் குறித்து யாம் விசாரிக்காத வைத்தியரில்லை.

கட்டுப் போட்டால் போதும் என்றனர் உறவினர். புத்தூர்க் கட்டின் புகழ் நாம் அறியாததன்று. முன்கை முறிந்தால் மூங்கில் பத்தை பிடித்து நிறுத்தும். இடுப்புப் பூட்டோ சதைக்குள் ஆழப் புதைந்து கிடப்பது. வெளிக்கட்டு அதனைப் பற்றாது. இதை உணர்வதற்குள் நான்கு நாட்களை இழந்தோம். அதற்குள் முதுகில் படுக்கைப்புண் கண்டுவிட்டது. கால் தேறிய பின்னும் அப்புண் ஆறவில்லை.

தொடை எலும்பின் தலை பந்து போன்றது. இடுப்பெலும்பின் கிண்ணத்தில் சுழல்வது. தலைக்குக் கீழே கழுத்து. கழுத்து முறிந்து விலகினால், தலைக்கு ஏறும் இரத்தக் குழாய்களும் அறுபடக்கூடும், தலை பட்டுப்போகும். கழுத்துக்குக் கீழே முறிந்தால் ஆபத்து வேறு. அங்கே இரத்தவோட்டம் மிகுதியாதலால் எலும்பு கூடிவிடும். கோணாமல் பிடித்து நிறுத்துவதே வேலை. துண்டுகள் நிலையாக நின்றால் திருகாணியும் பக்கத் தகடும் போதும். தண்டவாளத்திற்குப் பிஷ் பிளேட் பூட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். முறிவு இன்னும் கீழே இறங்கினால், எலும்பின் உட்குழலில் ஆணி செலுத்துவதே தக்கது என்கின்றனர்.

கழுத்து முறிவின் கதை நீண்டது. பாஸ்டன் நகரத்து ஸ்மித்-பீட்டர்சன் 1931-இல் மூவிதழ் ஆணியை வெளியிட்டார். பின்னர் ஆஸ்டின் மூர் உலோகத் தலை பொருத்தினார். 1962-இல் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, தலையோடு கிண்ணத்தையும் மாற்றும் முறையை நிலைநிறுத்தினார். இன்று இளவயதினர்க்குச் சொந்தத் தலையைத் திருகாணியால் காக்க முயல்வர். முதியோர்க்கு முறிவு விலகியிருந்தால் மாற்றுவர்.

பாதி மாற்றமா, முழு மாற்றமா? எம் வீட்டில் இதுவே பூசலாயிற்று. முழு மூட்டே சிறந்தது, கடன் வாங்கியேனும் செய்வோம் என்றார் தம்பி. 2019-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, ஐம்பது வயது கடந்த 1,495 பேரை ஈராண்டு கவனித்தது. மறு சிகிச்சை தேவைப்பட்டோர் இரு பிரிவிலும் ஏறக்குறைய சமம். நடமாட்டத்தில் முழு மாற்றம் சற்றே மேல். அச்சிறிது நன்மை, ஊர் சுற்றுபவர்க்குப் பெரிது. எம் அன்னையார் வீட்டிலிருந்து கோயில் வரை நடப்பவர். பாதியே போதும் என்று முடிவு செய்தோம். தம்பி ஒரு மாதம் எம்முடன் பேசவில்லை.

எலும்புச் சிமெண்டு இடுவதா என்றும் கேட்டோம். சில வேளைகளில் அது மேசையிலேயே இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும் என்பது மெய். எனினும் 2022-இல் வெளியான ஆய்வில், 1,225 முதியோரிடையே சிமெண்டு பெற்றவரே நலமாக வாழ்ந்தனர், பின்முறிவும் குறைவு.

எவ்வளவு விரைவு வேண்டும்? 17 நாடுகளில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஆறு மணி நேரத்தில் செய்தாலும் ஒரு நாளில் செய்தாலும் இறப்பில் பெரிய வேறுபாடில்லை. விரைந்தவர் முன்னரே எழுந்து நின்றனர், சித்தக் கலக்கமும் குறைந்தது. ஆகவே இருதயம் பார்க்க ஒரு நாள் ஆனால் அஞ்சற்க. யாம் இழந்தது நான்கு நாள்!

பஞ்சாகுட்டாவில் நிம்ஸ் என வழங்கும் பெருமருத்துவமனை, நிஜாம் எலும்பு மருத்துவமனையாகத் தோன்றியது என்பதை இந்நகர்வாசிகளே மறந்துவிட்டோம்.

சிகிச்சைக்கு மறுநாளே அன்னையாரை நடக்க வைத்தனர். இன்று கைத்தடியூன்றிப் படியேறி, அதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்தியாயிற்று. விழுவதற்கு முன் அதனைப் பொருத்தச் சொல்லி அவர் இருமுறை கேட்டிருந்தார்.