நைனிதால் ஏரியும் கோடைக் குடிகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியம் பேசவல்லார் பலர் நம் சங்கத்தில் இருக்கின்றனர். கால்நடை ஆராய்ச்சி நிலையத்து அன்பர்கள் பட்டம் பல பெற்றவர்கள். அவர்களை விடுத்து, பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் என்னை அழைத்த காரியதரிசி அவர்களின் துணிவைப் பாராட்டுகிறேன். எதைப் பற்றிப் பேசுவது என்று கேட்டேன். "நமக்குப் பக்கத்தில் இருப்பதைப் பற்றிப் பேசுங்கள், போதும்" என்றார். பரேலியில் வாழும் நமக்குப் பக்கத்தில் இருப்பவை இரண்டு. ஒன்று வெயில். மற்றொன்று, அவ்வெயிலுக்குத் தப்பி நாம் ஓடும் நைனிதால். முன்னதைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பின்னதைப் பற்றியே பேச எழுந்தேன். சங்கத்தின் கோடைப் பிரயாணம் இம்முறையும் மே மாதத்தில் நைனிதாலுக்கே என்று செயற்குழுவில் பேச்சு நடக்கிறது. அது முடிவாகுமுன் சில செய்திகளை உங்கள் முன் வைப்பது நலம் என்று எண்ணினேன்.

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,940 மீட்டர் உயரத்தில், மூன்று புறமும் மலை சூழ, மாங்காய் வடிவில் கிடக்கிறது அவ்வேரி. நீளம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அகலம் அரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. நம் ஊர்ப் பக்கத்துப் பெரிய ஏரிகளைக் கண்டவர்களுக்கு இது ஒரு குளமாகவே தோன்றும். ஆனால் ஆழமோ 27 மீட்டர் வரை செல்கிறது. தால் என்றால் ஏரி. ஏரியின் மேல்கோடி மல்லீதால், கீழ்கோடி தல்லீதால். சதியின் கண் விழுந்த இடம் ஆதலால் நைனாதேவி அங்கே கோயில் கொண்டாள் என்பர். அத்திரி, புலஸ்தியர், புலகர் ஆகிய முனிவர் மூவர் தாகத்தால் வருந்திக் குழி தோண்டி, மானசரோவரத்தின் நீரை அதில் வருவித்தனர் என்று ஸ்கந்த புராணத்து மானஸ கண்டம் கூறும். திரிரிஷி சரோவரம் என்னும் பெயர் அதனால் வந்தது.

மலை மக்கள் அவ்வேரியைத் தெய்வத்தின் இடமாகவே போற்றினர். திருவிழாவுக்குக் கூடுவார்கள், வழிபட்டுத் திரும்புவார்கள். குமாவூன் கமிஷனராக இருந்த டிரெயில் என்பார் 1823இல் ஏரியைக் கண்டும், அதன் புனிதம் கெடலாகாது என்று பிற ஐரோப்பியருக்கு வழி கூறாமல் இருந்தார் என்று சொல்வதுண்டு. அவர் மறைத்ததை 1841இல் வெளிப்படுத்தியவர் பாரன் என்னும் சர்க்கரை வியாபாரி. ஷாஜஹான்பூர்க்காரர், நமக்கு அண்டை ஊரார்தாம். இடத்தைக் கண்டதும் வீடு கட்ட ஆசை கொண்டார். நர்சிங் என்ற மலைத் தலைவர் இது தம் உரிமை நிலம் என்றார். பாரன் என்ன செய்தார் தெரியுமா? மலைமேல் ஒரு படகைக் கொண்டுவரச் செய்து, அத்தலைவரை அதில் ஏற்றி, நடு ஏரிக்கு அழைத்துச் சென்று, உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தரும்படி மிரட்டினார். நீந்தத் தெரியாத மனிதர் என்ன செய்வார்? எழுதிக் கொடுத்தார். இதை வேறு யாரோ பழி கூறவில்லை. பாரனே வேடிக்கைக் கதை போல எழுதி வைத்திருக்கிறார்! ஏரிக்கரைக் குடியிருப்பின் முதல் பத்திரம் இப்படித்தான் பதிவாயிற்று.

பின்னர் வீடுகள் பெருகின. 1845இல் நகரசபை ஏற்பட்டது. 1862 முதல் மாகாண அரசின் கோடைத் தலைநகர் என்ற சிறப்பும் சேர்ந்தது. சித்திரை வெயில் ஏறியதும் துரைமார்களும் அவர்தம் குடும்பங்களும் மலையேறுவர். குளிர் தொடங்கியதும் இறங்கிவிடுவர். ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகளே அங்கு மிகுதி. புலி வேட்டையால் உலகறிந்த ஜிம் கார்பெட் 1875இல் பிறந்தது இந்த ஊரில்தான். அவர் தந்தையார் அவ்வூர் அஞ்சல் அதிகாரி. தந்தை மறைந்தபின் தாயார், கோடைக்கு வருவோருக்கு வீடு அமர்த்திக் கொடுக்கும் தொழிலால் பெருங் குடும்பத்தைக் காத்தார். கோடையில் அயார்பாட்டா மலைச்சரிவு, குளிர்காலத்தில் அடிவாரத்துக் காலாடுங்கி என்று இரண்டு இடங்களில் வாழ்ந்த குடும்பம் அது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கார்பெட் ஒருவகையில் நம் துறைக்காரர். மொகாமே காட்டில் கங்கைக் கரையில் ரயில்வேச் சரக்கை ஏற்றி இறக்கும் பணியைச் சுமார் இருபது ஆண்டு நடத்தியவர். புலியைவிடச் சரக்குக் கணக்கு கடினம் என்பதை அவர் அறிந்திருப்பார்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 18, சனிக்கிழமை. இரண்டு நாட்களாக ஓயாத மழை. காலையில் விக்டோரியா ஹோட்டலின் பின்புறம் மண் சரிந்து சிலர் புதையுண்டனர். அவர்களை மீட்கப் படைவீரர்களும் கூலியாட்களும் அதிகாரிகளும் ஓடிவந்து தோண்டிக்கொண்டிருந்தனர். நண்பகலுக்குப் பின் மலையின் பெரும் பகுதி ஒரேயடியாக இறங்கியது. ஹோட்டலும், கடையும், நைனாதேவி கோயிலும், கூட்ட மண்டபமும் சில வினாடிகளில் போயின. மீட்க வந்தவர்களும் மண்ணுக்குள் மறைந்தனர். மாண்டவர் 151 பேர். அவர்களுள் 43 பேர் ஐரோப்பியர், 108 பேர் இந்தியர். இன்று மல்லீதாலில் நம் பிள்ளைகள் ஓடியாடும் ஃபிளாட்ஸ் மைதானம் இருக்கிறதே, அதன் பரப்பு அன்று சரிந்த மண்ணால் விரிந்தது.

ஏன் சரிந்தது? நொறுங்கும் தன்மையுள்ள பாறையும் தளர்ந்த மண்ணும் கொண்ட மலை அது. மரம் வெட்டி, சரிவைக் குடைந்து, வீடு கட்டியாயிற்று. விழுந்த மழை ஓட வழியில்லாமல் உள்ளே இறங்கிற்று. உள்ளே நீர் நிறைந்த மலை எவ்வாறு நிற்கும்? விபத்துக்குப் பின் அரசினர் கண்ட மருந்து வடிகால். உச்சி முதல் ஏரி வரை கல் பாவிய ஓடைகளை அமைத்தனர். சிற்றோடை பேரோடையிற் சேர, மண்ணுக்குள் ஊறுமுன் மழைநீரை வாரிக்கொண்டு ஏரியில் விடுவதே அவற்றின் வேலை. நாலா என்று அவ்வூரார் அழைக்கும் இவ்வோடைகள் சுமார் அறுபது, ஏரியில் வந்து கலக்கின்றன. ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாக மலையைத் தாங்குவதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

இவற்றைக் கட்டியவர்கள் யார்? அடுத்த குளிருக்கு இறங்கிவிடப் போகிறவர்கள், அடுத்த உத்தரவில் வேறு மாவட்டத்துக்கு மாறப் போகிறவர்கள், கடைசியில் கடல் கடந்து போகப் போகிறவர்கள். அவர்களை நான் புகழ்ந்து பேசுவதாக எண்ண வேண்டாம். மேல் மால் சாலையில் இந்தியர் கால் வைக்கலாகாது என்றிருந்த காலம் அது. தம் உயிருக்கும் உடைமைக்கும் அஞ்சியே அவர்கள் கட்டினர். கல் சுமந்தவர்கள் நம்மவர்கள். எனினும், தங்கப் போவதில்லை என்பதைக் காரணம் காட்டி எவரும் ஓடையைக் கட்டாமல் விடவில்லை.

இதை நான் இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் காலனியில் அடிக்கடி ஒரு பேச்சுக் கேட்கிறேன். "மூன்று ஆண்டில் மாற்றல், இந்த ஊர் நமக்கென்ன, சார்?" என்பதே அது. கோடைக்குப் போகுமிடத்திலோ இது இன்னும் குறுகி, "இரண்டு நாள் விருந்தாளிகள்தாமே" என்றாகிறது. ஓர் இடத்தின் நீரைக் குடிக்கிறவனுக்கு, எத்தனை நாள் குடித்தால் அந்நீரிடத்தில் கடமை பிறக்கும்? ஓராண்டா, இரண்டாண்டா? அப்படி ஒரு கணக்கு எந்தக் கோப்பிலும் நான் கண்டதில்லை. நைனிதாலில் நாம் குடிப்பது அந்த ஏரியின் நீரே. கரையோரக் குழாய்க் கிணறுகளிலிருந்து இறைத்துத்தான் ஊர் முழுவதும் கொடுக்கிறார்கள். ஹோட்டல் அறையில் குழாயைத் திறந்தால் வருவது அந்த ஏரிதான்.

இந்நாள் நிலைமை என்ன? 1884இல் போஜீபுரா வழியாகக் காட்கோதாம் வரை ரயில் வந்தது. காட்கோதாம் என்றால் மரக் கிடங்கு. அன்று வருகிறவர்கள் வண்டியில் வந்து, இறங்கி, மலையேற வேண்டும். இன்று காரிலேயே ஏரிக்கரைக்குப் போய்விடலாம். ஓடைகளின் மேலேயே வீடுகள் எழுந்தன. கட்டட மண்ணும் குப்பையும் கழிவுநீரும் அவ்வோடைகளில் இறங்கின. மழைநீரை விரைந்து ஏரிக்குக் கொண்டு சேர்க்கக் கட்டிய அதே வழி, அழுக்கையும் அதே விரைவில் கொண்டு சேர்க்கிறது. கருவியின் மேல் குற்றமில்லை.

அஜய் சிங் ராவத் என்னும் வரலாற்றுப் பேராசிரியர் இதைப் பொறாமல் உச்ச நீதிமன்றம் சென்றார். 1995இல் தீர்ப்பு வந்தது. எப்பாடுபட்டேனும் கழிவுநீர் ஏரியிற் சேராமல் தடுக்க வேண்டும், ஓடைகளில் கட்டடப் பொருள்களைக் குவிக்கலாகாது, குதிரைச் சாணம் ஏரிக்குள் போகலாகாது, அடுக்குமாடிக் கட்டடங்களுக்குத் தடை என்றெல்லாம் அதில் கண்டிருக்கிறது. குதிரைச் சாணத்தைப் பற்றி நாட்டின் உச்ச நீதிமன்றம் கவலைப்பட வேண்டி வந்தது பாருங்கள்!

அழுக்கு மிகுந்ததால் ஏரியின் அடி நீரில் பிராணவாயு அற்றுப்போயிற்று. 2007 முதல் ஏரியின் அடியில் குழாய்கள் பதித்துக் காற்றைச் செலுத்துகின்றனர். குமிழ்கள் மேலெழும்போது அடி நீரும் மேலே வந்து உயிர்ப்புப் பெறுகிறது. மருத்துவமனையில் நோயாளிக்கு மூச்சு ஏற்றுவது போன்றதே இது. படகில் போகிறவர்கள் அக்குமிழ்களை அழகு என்று படம் எடுக்கிறார்கள்.

2017 கோடையில் நீர்மட்டம் பல அடி தாழ்ந்தது. ஓடைகள் கலக்குமிடங்களில் மண்மேடுகள் தலைகாட்டின. ஏரிக்கு மேலே சூக்காதால் என்றொரு பள்ளம் உண்டு. மழைக்காலத்தில் நிறையும், பிறகு வற்றும். வற்றிய நீர் எங்கும் தொலைவதில்லை. மண்ணுக்கடியில் ஊறி ஏரிக்கே வருகிறது. வெளிப்பார்வைக்கு வெறும் பள்ளமாகத் தெரிவதால் அங்கும் கட்டடம் புகுந்தது. அழகுபடுத்தும் பணி என்று அங்கே தொடங்கிய வேலையை 2022இல் மாநில உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. வற்றும் ஏரி வீண் என்று நினைப்பது, சேமிப்புக் கணக்கில் பணம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று வருந்துவது போன்றது.

நம் முன்னோர் இதில் எப்படி இருந்தனர் என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். முதற் பராந்தகச் சோழன் காலத்தவை. குடவோலையால் தேர்ந்தெடுத்த ஏரி வாரியத்தார் அறுவர். பதவிக்காலம் 360 நாள். அவ்வளவே. ஓராண்டுக்கு வந்து போகிறவர்களிடம்தான் ஏரியை ஒப்படைத்தார்கள்! நிரந்தரமாக இருக்கிறவனே நீரைக் காப்பான் என்று அவர்கள் எண்ணவில்லை. முறை வரும்போது பார்ப்பதும், அடுத்தவனிடம் கணக்கோடு கொடுப்பதுமே ஏற்பாடு. ரயில்வேயில் பொறுப்பு மாற்றிக் கொடுக்கும் நமக்கு இது புதிதன்று.

சென்ற ஆண்டு நைனிதாலில் ஒரு படகோட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். அறுபது வயது இருக்கும். தல்லீதாலில் ஓர் ஓடையின் வாயைக் காட்டினார். "பாபுஜி, நீங்கள் மே மாதம் வருகிறீர்கள், ஓடை காய்ந்து கிடக்கிறது. நீங்கள் விட்டுப்போனது அதில் அப்படியே கிடக்கும். முதல் மழை நாளில் வந்து பாருங்கள், அத்தனையும் ஒரு மணி நேரத்தில் உள்ளே போகும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னார். அவருக்கு ஏரி பிழைப்பு. மே மாதத்துக் கூட்டம் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்பதையும் அவரே சொன்னார். ஆகவே, போகாதிருப்பதே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அது அவருக்கும் நன்மையன்று, நம் பிள்ளைகளுக்கும் நன்மையன்று.

செயற்குழுவிடம் நான் வேண்டுவது மூன்றே. பிரயாணத்தை மே மாதத்திலிருந்து ஐப்பசிக்கு மாற்றலாம். மழை முடிந்து ஏரி நிறைந்திருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும், பனிமலையும் தெளிவாகத் தெரியும். பள்ளி விடுமுறை அல்லவே என்று தாய்மார்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தசரா, தீபாவளி விடுமுறையில் இரண்டு நாள் போதும். இரண்டாவது, இருபது கார்களில் போவதை விட்டு, காட்கோதாம் வரை ரயிலில் போய், அங்கிருந்து பேருந்து அமர்த்துவோம். பயணச்சீட்டு ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். சாப்பாட்டைப் பாத்திரங்களில் கொண்டுபோவோம், கொண்டுபோன பாத்திரம் எல்லாம் திரும்பி வந்ததா என்று எண்ணிப் பார்க்கும் பொறுப்பையும் எனக்கே கொடுங்கள். எண்ணுவது என் தொழில்.

மூன்றாவது நம் காலனியைப் பற்றியது. மூன்றாம் வரிசைக் குடியிருப்புகளின் பின்னால் ஓடும் வடிகால், சென்ற மழையில் அடைத்துக்கொண்டு, கீழ்வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அங்கே இருந்த குடும்பங்களில் இரண்டு மாற்றலாகிப் போய்விட்டன. புதிதாக வந்தவர்களுக்கு அது தெரியாது. ஆனி மாதம் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், அதைச் சுத்தம் செய்யலாம் என்று எண்ணுகிறேன். மண்வெட்டி நான்கு கிடைத்திருக்கின்றன. இன்னும் நான்கு வேண்டும். வர விரும்புவோர் இன்று விருந்து முடிவதற்குள் காரியதரிசி அவர்களிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.