கொடிவழி யாருக்கு உடைமை?



குடும்ப வரலாற்றைத் தேடித் தொகுப்பவர் பெரும்பாலும் தனித்தே உழைக்கிறார். பிறப்பு, இறப்புப் பதிவேடுகள், சொத்துப் பத்திரங்கள், கல்லறை எழுத்துகள், பழங்கடிதங்கள், முதியோர் நினைவுகள் ஆகியவற்றைப் பல்லாண்டு துருவி ஒரு கொடிவழியை அமைக்கிறார். அதனை இணையத்தில் ஏற்றியதும் அது பல கைகளுக்குச் செல்கிறது. ஒருவர் படியெடுக்கிறார், மற்றொருவர் தம் பெயரில் வெளியிடுகிறார், வேறொருவர் தொடர்பற்ற ஒரு பாட்டனாரை அதனுடன் ஒட்டிவிடுகிறார். "இஃது என் உழைப்பு" எனத் தொகுத்தவர் முறையிடுகிறார். அம்முறையீட்டில் நியாயம் எவ்வளவு? உடைமை, ஆளுகை, பொறுப்பு என மூன்றாகப் பகுத்து இதனை ஆராய்தல் தகும்.

முதலாவது உடைமை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு தொலைபேசி நிறுவனம் தன் வட்டாரச் சந்தாதாரர் பட்டியலை அச்சிட்டு வந்தது. ஃபைஸ்ட் என்னும் பதிப்பு நிறுவனம் அப்பட்டியலிலிருந்து பெயர்களை இசைவின்றி எடுத்துக்கொண்டது. களவைக் கண்டறிவதற்கென்றே தொலைபேசி நிறுவனம் நுழைத்து வைத்திருந்த பொய்ப்பெயர்களுள் நான்கு, படியெடுத்த நூலிலும் காணப்பட்டன. ஆயினும் 1991-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் படியெடுத்தவர் பக்கமே தீர்ப்பளித்தது. உழைப்பு மட்டும் பதிப்புரிமையைத் தாராது. செய்திகளைத் தெரிந்து அமைப்பதில் சிறிதளவேனும் படைப்புத்தன்மை வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இந்திய உச்சநீதிமன்றமும் 2007-இல், தீர்ப்புத் தொகுப்புகள் பற்றிய ஒரு வழக்கில், வெறும் உழைப்பும் செலவும் போதா என்றே கூறியது.

ஆகவே, இன்னார் இன்ன ஆண்டில் பிறந்தார், இன்னாரை மணந்தார் என்னும் செய்தி எவர்க்கும் தனியுடைமை ஆகாது. அச்செய்தியைக் கொண்டு ஒருவர் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு எழுதியவர்க்கே உரியது. கடிதங்களின் நிலை இன்னும் நுட்பமானது. கவிஞர் அலெக்சாண்டர் போப் தம் கடிதங்களை அச்சிட்ட பதிப்பாளர்மீது தொடுத்த வழக்கில், 1741-ஆம் ஆண்டிலேயே ஆங்கில நீதிமன்றம் ஒரு வேறுபாட்டை வகுத்தது. கடிதத்தின் தாள் பெற்றவர்க்குச் சொந்தம். அதன் சொற்களை அச்சிடும் உரிமையோ எழுதியவரிடமே நிற்கும். பாட்டியாரின் பெட்டியில் கிடைத்தமையால் மட்டும் ஒரு கடிதம் வெளியிடத் தக்கதாகிவிடாது.

இரண்டாவது ஆளுகை. உடைமை வேறு, ஆளுகை வேறு. தன்னார்வலர் பலர் தம் தொகுப்புகளை மனமுவந்து அளித்து வளர்த்த ரூட்ஸ்வெப் என்னும் தளம், 2000-இல் பின்னாளில் அன்செஸ்ட்ரி என வழங்கிய வணிக நிறுவனத்தின் வசமாயிற்று. அந்த அன்செஸ்ட்ரியையே 2020-இல் பிளாக்ஸ்டோன் என்னும் முதலீட்டு நிறுவனம் 470 கோடி டாலருக்கு வாங்கியது. தொகுத்தவர் எவரும் தம் எழுத்தை விற்கவில்லை. பதிவேற்றும்பொழுது ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளே பயன்படுத்தும் உரிமையை நிறுவனத்திற்கு வழங்கியிருந்தன. படிக்காமல் ஒப்புதல் அளித்த பின்னர் உடைமை பேசுவதில் பயன் குறைவு.

மூன்றாவது பொறுப்பு. இதுவே தலையாயது. கொடிவழியில் இறந்தோர் மட்டும் இல்லை, இருப்போரும் உளர். கலிபோர்னியாவில் 1970, 80-களில் நிகழ்ந்த தொடர் கொலைகள் தொடர்பாக 2018-இல் ஒருவர் கைதானார். கொடிவழி ஆர்வலர் பயன்படுத்திய ஜெட்மேட்ச் தளத்தில் தூரத்து உறவினர் ஏற்றியிருந்த மரபணு விவரமும், அவ்வுறவினைத் தொடர்ந்து வரையப்பட்ட குடும்ப மரங்களும் அவரைக் காட்டிக்கொடுத்தன. குற்றவாளி அகப்பட்டது நன்றே. எனினும், ஒருவர் வெளியிடுவது அவர் பங்காளிகள் அனைவரைப் பற்றிய வெளியீடும் ஆகும் என்பதை உலகம் அன்று உணர்ந்தது. மறு ஆண்டிலேயே அத்தளம், இசைவு தெரிவித்தவர் விவரத்தை மட்டும் காவல்துறைக்குக் காட்டுவதென விதியை மாற்றியது.

ஐஸ்லாந்து நாட்டில் 1998-இல் மக்கள் அனைவரின் மருத்துவச் செய்திகளையும் ஒரே தொகுப்பில் சேர்க்கச் சட்டம் இயற்றப்பட்டது. இறந்த தந்தையின் குறிப்புகளைச் சேர்க்கலாகாது என ஒரு மகள் வழக்காடினாள். தந்தையின் மரபுப் பண்புகளிலிருந்து மகளைப் பற்றியும் அறிய இயலும் என்பதால் தடுக்கும் உரிமை அவளுக்கு உண்டு என, 2003-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறந்தவர் வரலாறு இருப்பவரைத் தொடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அவ்வாறாயின் பகிராமல் பூட்டிவைத்தலே நன்றோ? அன்று. பெட்டியில் கிடக்கும் ஏடு தொகுத்தவரோடு மறைந்துபோகும். அதிலுள்ள பிழையைத் திருத்தவல்ல உறவினர் அதனைக் காணவும் நேராது. பகிர்தல் வேண்டும், அதற்கு வரம்பும் வேண்டும். உயிரோடிருப்போர் விவரத்தை அவர்தம் இசைவின்றி வெளியிடலாகாது. ஒவ்வொரு செய்திக்கும் சான்று எதுவெனக் குறிக்க வேண்டும். எடுத்தாள்பவர் தொகுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். சட்டம் கேளாவிடினும் நன்றியறிதல் கேட்கும். தளத்தின் நிபந்தனைகளைப் படித்தறிந்து, மூலப்படியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளல் வேண்டும்.

களவைக் கண்டறியப் பொய் மூதாதை ஒருவரை நுழைத்து வைக்கும் எண்ணம் எவர்க்கேனும் எழுமாயின் அதனை விட்டொழித்தல் நலம். தொலைபேசிப் பட்டியலின் பொய்ப்பெயர் அடுத்த பதிப்பில் நீங்கிவிடும். கொடிவழியில் புகுந்த பொய்ப்பெயரோ, பிறந்தறியாத ஒருவரைப் பல தலைமுறைக்குப் பாட்டனார் ஆக்கிவிடும்.