பழைய மின்கலமும் காயலான் கடைத் தராசும்



சென்னைப் புதுப்பேட்டையைக் கண்டவர்கள் உங்களில் பலர் இருக்கலாம். ஓடித் தேய்ந்த வண்டிகளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, கதவு ஓரிடம், சக்கரம் ஓரிடம் என்று குவித்திருக்கும் கடைத்தெரு அது. காயலான் கடை என்று நாம் ஏளனமாகச் சொல்லும் இத்தொழில்தான், நாட்டின் உலோகச் செல்வம் மண்ணோடு மண்ணாகாமல் காத்து வருகிறது. உதிரிப் பாகமாக விலை போகாத எதற்கும் அங்கே தராசே நீதிபதி. எடை என்ன, கிலோ என்ன விலை என்பதோடு பேரம் முடிந்துவிடும். மின்சார வண்டியின் பழைய மின்கலத்தையும் அத்தராசில் ஏற்றலாமா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் பழைய கதை ஒன்றைச் சொல்கிறேன். வடநாட்டு நகரங்களில் ஓடும் மின்சார ரிக்‌ஷாக்கள் பலவற்றில் இருப்பவை ஈய-அமில மின்கலங்கள். ஈயம் 327 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். கொல்லைப்புறத்து அடுப்பே போதும். அமிலத்தை மண்ணில் கொட்டிவிட்டு ஈயத்தை உருக்குவோர் பெருகினர். அந்தப் புகையிலும் தூசியிலும் உள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்க வல்லது. இதைத் தடுக்க 2001இல் மத்திய அரசு விதிகள் வகுத்தது. புதிய மின்கலம் விற்பவர் பழையதைத் திரும்பப் பெற வேண்டும் என்றது. ஆயினும் கொல்லைப்புற அடுப்பு அணைந்துவிடவில்லை. காரணம் எளிது. புகையை வடிகட்டவும் அமிலத்தைச் சமனாக்கவும் செலவிடும் ஆலையைவிட, அச்செலவு எதுவும் இல்லாதவன் கிலோவுக்குக் கூடுதல் விலை கொடுக்க முடியும் அன்றோ? நேர்மையாளரைத் தராசு தோற்கடித்தது.

லித்தியம் மின்கலத்தின் தன்மை வேறு. காரில் உள்ள தொகுதி பல நூறு கிலோ எடையும், பெரும்பாலும் 400 வோல்ட் அளவு மின்னழுத்தமும் உடையது. வண்டிக்கு உதவாது என்று கழித்த பின்னும் அதன் கொள்ளளவில் 70 முதல் 80 விழுக்காடு மிஞ்சியிருப்பது உண்டு. அதை அறியாமல் உளியும் சம்மட்டியும் கொண்டு பிளந்தால் குறுக்குச் சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்னும் நச்சு வாயு எழும். அணைந்ததாகத் தோன்றும் தீ, சில மணி நேரமோ சில நாளோ கழித்து மீண்டும் மூளுவதும் உண்டு.

2022 ஆகஸ்டில் மத்திய அரசு புதிய விதிகளை வெளியிட்டது. மின்கலத்தை உற்பத்தி செய்தவரே அதன் இறுதிக்கும் பொறுப்பு. அதைப் புதைக்கலாகாது, எரிக்கலாகாது. மின்சார வண்டியின் மின்கலத்தில் உலர் எடையில் 2024-25இல் 70 விழுக்காடும், 2026-27 முதல் 90 விழுக்காடும் பொருள்களாக மீட்கப்பட வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. நல்ல விதிகளே. ஆனால் வண்டி இரண்டு மூன்று கை மாறி, விபத்தில் நசுங்கி, கடைசியில் ஒரு பட்டறை மூலையில் கிடக்கிறது. அதன் உரிமையாளருக்குப் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையின் முகவரி தெரியாது. தெருமுனைக் கடை தெரியும்.

அக்கடைக்காரர் மின்கலத்தைத் தொடவே கூடாது என்று தடுத்துவிடலாமே என்பர் சிலர். நான் உடன்படமாட்டேன். தடுத்தால் முன்வாசல் வழியாக வந்தது பின்வாசல் வழியாக வரும். விற்றவர் யார், மின்கலத்தின் எண் என்ன என்பதை ஏட்டில் குறித்துக்கொள்ளட்டும். பிளக்காமல் பதிவு பெற்ற ஆலைக்கு அனுப்பட்டும். அதற்குரிய தரகும் பெறட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டம், 2027 பிப்ரவரி முதல் சந்தைக்கு வரும் ஒவ்வொரு மின்சார வண்டி மின்கலத்துக்கும் தனித்தனி மின்னணுக் கடவுச்சீட்டு வேண்டும் என்று விதித்துள்ளது. எண் இருந்தால்தான் ஏடு பொய் சொல்லாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கோபால்ட்டும் நிக்கலும் அடங்கிய மின்கலத்தை விலை கொடுத்து வாங்க ஆலைகள் முன்வரும். இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட மலிவான வகையில் அவ்விரு உலோகங்களும் இல்லை. செம்பையும் அலுமினியத்தையும் உருவிக்கொண்டு மீதியைக் குப்பைமேட்டில் வீசுவதே கடைக்காரருக்கு ஆதாயம். மறுசுழற்சிச் சான்றிதழுக்காக உற்பத்தியாளர் செலுத்தும் தொகையில் ஒரு பங்கு அவர் கல்லாப்பெட்டிக்கும் வருமானால், அவர் ஏன் அதைப் பிளக்கப் போகிறார்?