காலடியில் ஆயிரம் ஆண்டு



ஜனவரிக் குளிரில், இங்கிலாந்தின் ஈடேல் என்ற சிற்றூரிலிருந்து கிளம்பி, ஸ்காட்லாந்து எல்லை தாண்டி கிர்க் யெத்தாம் வரை ஓடவேண்டும். தூரம் 431 கிலோமீட்டர். கெடு ஏழு நாள், உறக்கமும் அதற்குள்தான். 'ஸ்பைன் ரேஸ்' என்று பெயர். ஓடும் வழியிலுள்ள பென்னைன் மலைத்தொடரை இங்கிலாந்தின் முதுகெலும்பு என்பார்கள், அதனால் வந்த பெயர். 2019-இல் ஜாஸ்மின் பாரிஸ் ஆண்களையும் முந்தி, 83 மணி 12 நிமிடத்தில் முதலில் வந்தார். கைக்குழந்தைக்குத் தாய், வழியில் ஓய்விடங்களில் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்டு ஓடியவர். உலகம் அதைக் கொண்டாடியது, நியாயம்தான். நான் பேச வந்தது அவர் காலுக்குக் கீழே கிடந்ததைப் பற்றி.

அந்த மேட்டுநிலத்தில் நெடுந்தூரத்துக்குப் பீட் மண். செத்த செடிகள் தண்ணீரில் ஊறி, காற்றுப் படாமல், மக்கியும் மக்காமலும் கறுத்துக் கிடப்பது. ஒரு மில்லிமீட்டர் சேர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். முழங்கால் வரை புதைந்த ஓட்டக்காரர் ஐந்நூறு ஆண்டு ஆழத்துக்குப் போய்வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலக நிலப்பரப்பில் பீட் நிலம் 3 சதவீதம்தான். ஆனால் எல்லாக் காடுகளின் மரம் செடிகளிலும் இருப்பதைவிட அதிகமான கார்பன் அதற்குள் அடைபட்டிருக்கிறது.

தார்ச்சாலையில் பழகிய ஓட்டம் இங்கே செல்லாது. உழுத சேற்று வயலில் நடந்தவருக்கு இது புரியும்: நின்றால் புதையும். அடி குறுகலாக, சட்சட்டென்று விழவேண்டும். கண்ணைப் பறிக்கும் பச்சை தெரிந்தால் அது தண்ணீர் மேல் மிதக்கும் பாசி, ஒதுங்கவேண்டும். கறுத்த புதர் இருந்தால் ஓரளவு நம்பலாம். வேகத்தைவிட இந்த மண்ணைப் படிக்கிற கண்ணுக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

ஸ்பேக்னம் என்ற அந்தப் பாசி தன் உலர்ந்த எடையைப்போல இருபது மடங்கு வரை நீரைப் பிடித்துவைக்கும். மான்செஸ்டர், ஷெஃபீல்டு பக்கத்து ஆலைப் புகையின் அமிலம் அதைக் கொன்றது. பாசி போனதும் பீட் வெறுமையாகி, மழை அதை அரித்தது. 1965-இல் பென்னைன் நடைபாதை திறந்தபின், சேற்றைச் சுற்றிப் போனவர்களின் காலணிகள் தடத்தை அகலமாக்கின. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? மூடிப்போன பஞ்சாலைகளின் தரைக் கற்பலகைகளைப் பெயர்த்து, ஹெலிகாப்டரில் தூக்கிவந்து, பீட்டின்மேல் பாதையாகப் பரப்பினார்கள். புகையால் கெடுத்த ஆலை கல்லால் கடனைத் தீர்க்கிறது! 2003-இல் தொடங்கிய மீட்புப் பணியில் அங்கே பாசி நடுகிறார்கள், ஓடைகளை அடைக்கிறார்கள். கரிக்கட்டையாய்க் கிடந்த பிளாக் ஹில் என்ற குன்று இன்று பச்சை.

ஓட்டம் பீட்டைக் காக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஜனவரியில் தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கு அடைகாலம் இல்லை; அது நல்லது. ஆனால் மண் ஊறிக் கிடக்கும் காலமும் அதுவே. கற்பலகையில் பனி உறைந்து வழுக்கும்போது பக்கத்துச் சேற்றில் இறங்கத்தான் கால் போகும். இறங்காமல், நிதானித்துக் கல்மேலேயே போகிறவரே என் கணக்கில் தேர்ந்த ஓட்டக்காரர்.

நம் நீலகிரியிலும் புல்வெளிப் பள்ளங்களில் பல்லாயிரம் ஆண்டு பழைய பீட் உண்டு. உதகைப் பக்கம் போகிறவர்கள் படம் எடுப்பதற்காக அந்தச் சதுப்புக்குள் இறங்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.